புது வீட்டுக்கு வந்த பூனை சாப்பிட மறுக்கிறதா? முதல் 24 மணி நேரம் ஏன் முக்கியம்?

பாலக்காடு/இடுக்கி: புதிதாகத் தத்தெடுக்கப்பட்ட பூனை, முதல் நாளில் உணவைத் தொடாமல் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வது இயல்பானது. ஆனால், "பசித்தால் தானாகவே சாப்பிடும்" என்று எண்ணி நாட்களைக் கடத்துவது அதன் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பூனை உணவை மறுப்பதற்குப் பெரும்பாலும் அச்சமே காரணம் என்றாலும், அந்த அச்சம் தெளியும் வரை அதன் கல்லீரல் காத்திருக்காது என்பதே இதற்குக் காரணம்.

கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டை ஒட்டிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் வாழ்கின்றன. வாளையாறு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை ஆகிய சமவெளிப் பகுதிகளிலும், மூணாறு, மறையூர், உடும்பஞ்சோலை, குமுளி ஆகிய மலைப்பகுதிகளிலும் வீட்டுக்கு வரும் பூனை பெரும்பாலும் கடையிலிருந்து வாங்கப்படுவதில்லை. உறவினர் வீட்டிலிருந்தோ, அண்டை வீட்டிலிருந்தோ, சாலையோரத்திலிருந்தோதான் வருகிறது. கூடையிலோ அட்டைப்பெட்டியிலோ வைக்கப்பட்டு, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரும் பூனைக்கு, ஒரே நாளில் வீடு, மணம், தட்பவெப்பம், உணவு ஆகிய நான்கும் மாறிவிடுகின்றன. தோட்டப் பகுதிகளில் கால்நடை மருத்துவமனைக்குச் செல்ல மலைப்பாதையில் நெடுந்தூரம் பயணிக்க வேண்டியிருக்கும் என்பதால், எப்போது காத்திருக்கலாம், எப்போது புறப்பட வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியமாகிறது.

பூனை ஏன் உணவை மறுக்கிறது?

பூனை தன் வாழிடத்தை முதன்மையாக மணத்தின் வழியே அறிகிறது. கன்னத்தையும் உடலையும் சுவரிலும் மேசைக்காலிலும் உரசித் தன் மணத்தைப் பதித்து வைக்கும்போதுதான் அந்த இடம் அதற்குப் பாதுகாப்பானதாகிறது. புது வீட்டில் அந்த மணம் எதுவும் இருப்பதில்லை. உணவு உண்ணும் நேரத்தில் தலையைக் குனிந்து, சுற்றுப்புறத்தின் மீதான கண்காணிப்பைத் தளர்த்த வேண்டும். எங்கிருந்து ஆபத்து வரும் என்று தெரியாத இடத்தில் பூனை அதற்குத் துணிவதில்லை. எனவே, முதலில் ஒளிந்துகொள்கிறது. பின்னர், வீடு அடங்கிய இரவில் வெளியே வந்து சுற்றிப் பார்க்கிறது. அதன் பிறகே உணவை நாடுகிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், விலங்குக் காப்பகத்துக்கு வந்த 60 பூனைகளைக் கண்காணித்து 2012-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அவற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டவை காப்பகத்தில் இருந்த காலத்தில் எடை இழந்தது தெரியவந்தது. மன அழுத்தம் மிகுந்த பூனைகள் குறைவாகவே உண்டன. நல்ல உணவு கிடைத்தாலும், புதிய சூழலே பசியைக் குறைத்துவிடும் என்பதற்கு இது சான்றாகும்.

மலைப்பாதைப் பயணத்தால் ஏற்படும் குமட்டலும் மற்றொரு காரணம். வாயில் உமிழ்நீர் வடிவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, வாந்தி எடுப்பது ஆகியவை இதன் அறிகுறிகள். பயணத்தால் வந்த குமட்டல் எனில், சில மணி நேர ஓய்வில் தணிந்துவிடும்.

பெட்டிமுடியின் குவி நினைவூட்டுவது

விலங்குகள் சூழல் மாற்றத்தாலும் இழப்பாலும் உணவை மறுக்கும் என்பதை இடுக்கி மாவட்டம் அண்மைக் காலத்தில் நேரில் கண்டது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மண்ணில் புதைந்தன. இதில் 70 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அங்கு வளர்ந்த 'குவி' என்ற நாய், ஒரு வாரத்துக்குப் பின்னரும் தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையைத் தேடிச் சென்று, அதன் உடல் கிடந்த இடத்தை மீட்புப் படையினருக்குக் காட்டியது. அதன் பின்னர் அந்த நாய் உணவை ஏற்காமல் சோர்ந்து கிடந்ததாகச் செய்திகள் வெளியாகின. காவல்துறையின் மோப்பநாய்ப் பிரிவினர் அதனைப் பொறுப்பேற்றுப் பராமரித்தனர். பின்னர், அது குழந்தையின் பாட்டியிடமே ஒப்படைக்கப்பட்டது.

குவி ஒரு நாய். நலமுள்ள நாய் சில நாட்கள் சரியாக உண்ணாவிட்டாலும், பெரும்பாலும் பெரிய பாதிப்பின்றி மீண்டுவிடும். இதே நிலை பூனைக்கு நேர்ந்தால் விளைவு வேறாக இருக்கும்.

பூனையின் உடல் ஏன் காத்திருக்காது?

உணவு கிடைக்காதபோது எந்த உயிரினத்தின் உடலும் சேமித்து வைத்த கொழுப்பை எடுத்துப் பயன்படுத்தும். அந்தக் கொழுப்பு கல்லீரலுக்குச் சென்று ஆற்றலாக மாற்றப்பட வேண்டும். பூனையின் கல்லீரலுக்கு, திடீரென வந்து குவியும் கொழுப்பை வேகமாகப் பதப்படுத்தி வெளியேற்றும் திறன் குறைவு. அதற்குத் தேவையான புரதமும் உணவின்றித் தடைபடுவதால், கல்லீரல் அணுக்களிலேயே கொழுப்பு தேங்கிவிடுகிறது. இந்நிலை 'ஹெப்பாட்டிக் லிப்பிடோசிஸ்', அதாவது கல்லீரல் கொழுப்பேற்றம் எனப்படுகிறது.

கல்லீரல் பாதிக்கப்பட்டதும் பூனைக்குக் குமட்டல் ஏற்படும். குமட்டலால் மேலும் உண்ணாது. உண்ணாததால் மேலும் கொழுப்பு தேங்கும். அச்சத்தால் தொடங்கிய பட்டினி இவ்வாறு நோயாக மாறிவிட்டால், அச்சம் தெளிந்த பின்னரும் பூனையால் தானாக உண்ண இயலாது. ஈறுகளும் காதின் உட்புறமும் மஞ்சளாவது இதன் முற்றிய அறிகுறி. உடல் பருத்த பூனைகளுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். "கொழுத்த பூனைதானே, நான்கு நாள் தாங்கும்" என்ற கணிப்பு இந்த வகையில் முற்றிலும் தவறானது.

நோய் வந்துவிட்டால், மூக்கு அல்லது கழுத்து வழியாகக் குழாய் பொருத்திப் பல வாரங்கள் உணவு செலுத்த வேண்டியிருக்கும். தொடக்கத்திலேயே சிகிச்சை அளிக்கப்படும் பூனைகளில் பெரும்பாலானவை பிழைத்துவிடுகின்றன. தாமதித்தால் உயிரிழப்பு நேரிடும்.

எத்தனை மணி நேரம் காத்திருக்கலாம்?

நலமாகத் தோன்றும் வளர்ந்த பூனை 24 மணி நேரம் எதையும் உண்ணவில்லை எனில், கால்நடை மருத்துவரைத் தொலைபேசியிலாவது அணுக வேண்டும். 48 மணி நேரத்தைக் கடக்க எந்நிலையிலும் அனுமதிக்கக் கூடாது. வழக்கமான அளவில் பாதிக்கும் குறைவாகப் பல நாட்கள் உண்டு வருவதும் இதே ஆபத்தை விளைவிக்கும். குட்டிகளின் உடலில் சர்க்கரை இருப்பு மிகக் குறைவு என்பதால், அவை அரை நாள் உண்ணாவிட்டாலே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். பால் மறவாத சிறு குட்டிகளுக்குச் சில மணி நேரமே கெடு. உணவுடன் தண்ணீரையும் மறுக்கும் பூனைக்கு எந்தக் காத்திருப்பும் பொருந்தாது.

இந்தக் கணக்கு, பூனை புது வீட்டுக்கு வந்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை. அது கடைசியாக உண்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது. ஆகவே, பூனையைப் பெற்றுக்கொள்ளும்போதே, அது எப்போது உண்டது என்று கேட்டறிவது நல்லது.

முதலில் செய்ய வேண்டியது என்ன?

முழு வீட்டையும் திறந்துவிடாமல், ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் அறையை, அறை இல்லையெனில் ஒரு மூலையையாவது பூனைக்கு ஒதுக்க வேண்டும். அங்கே பக்கவாட்டில் திறப்புள்ள அட்டைப்பெட்டி ஒன்றை வைத்தால் போதும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10 பூனைகளுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி அளிக்கப்பட்டது. பெட்டி கிடைத்த பூனைகள் மற்றவற்றைவிட விரைவாக இயல்பு நிலைக்குத் திரும்பின. மூன்றாம், நான்காம் நாட்களிலேயே அந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது.

பழைய வீட்டில் பூனை படுத்திருந்த துணியையோ சாக்கையோ துவைக்காமல் கொண்டுவந்து பெட்டிக்குள் விரித்தால், பழகிய மணம் அதனை அமைதிப்படுத்தும். உணவுத் தட்டு, மணல் தட்டுக்கு அருகில் இருக்கக் கூடாது. குழந்தைகள் சூழ்ந்து நின்று பார்ப்பதையும், ஒளிந்திருக்கும் பூனையை இழுத்து வெளியே எடுப்பதையும் தவிர்க்க வேண்டும்.

இரவில் வைக்கும் உணவின் அளவை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, காலையில் மீதத்தைப் பார்க்க வேண்டும். வேறு பூனையோ எலியோ தின்றுவிட்டால் கணக்கு தவறிவிடும் என்பதால் கதவைச் சாத்தி வைப்பது அவசியம். எறும்பு மொய்த்த உணவைப் பூனை ஒதுக்கிவிடக்கூடும். நீர் ஊற்றிய அகலமான பாத்திரத்தின் நடுவே உணவுத் தட்டை வைப்பது இதற்கு எளிய தீர்வு.

சமவெளிக்கு ஒரு முறை, மலைக்கு ஒரு முறை

2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பநிலை 41 டிகிரி செல்சியஸைக் கடந்தது. அத்தகைய வெயிலில் பூனைகள் பகலில் குறைவாகவே உண்ணும். ஈர உணவும் மீனும் விரைவில் கெட்டுவிடும். எனவே, அதிகாலையிலும் இரவிலும் சிறு சிறு அளவாக வைத்து, மீதத்தை அரை மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

மூணாறு பகுதியில் நிலைமை நேர்மாறானது. ஜனவரி மாத இரவுகளில் அங்கு வெப்பநிலை உறைநிலையை நெருங்குகிறது. குளிர்ந்த உணவிலிருந்து மணம் எழுவதில்லை. மணம் எழாத உணவு பூனைக்கு உணவாகவே தோன்றுவதில்லை. பூனையின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அப்போதுதான் பிடித்த இரையின் வெப்பமும் அதுவே. உணவுக் கிண்ணத்தை வெந்நீரில் சிறிது நேரம் வைத்து, அந்த அளவுக்கு இளஞ்சூடாக்கிக் கொடுத்தால், மறுத்த உணவையே பூனை ஏற்பதுண்டு. சமவெளியிலிருந்து மலைக்கு வந்த குட்டிக்குக் கம்பளித் துணியும் தேவை. உடல் குளிர்ந்த குட்டிக்கு உணவு செரிக்காது.

பழைய வீட்டில் என்ன தின்றது?

வீட்டுச் சோற்றில் மீன்குழம்பு பிசைந்து தின்று வளர்ந்த பூனைக்கு, புது வீட்டில் கடையில் வாங்கிய உலர் உணவை வைத்தால், அதை உணவென்றே அது கருதாமல் போகலாம். முதல் சில நாட்கள் பழைய உணவையே கொடுத்து, பின்னர் 7 முதல் 10 நாட்களில் புதிய உணவைச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்ற வேண்டும். நல்ல உணவுக்கு மாற்றுவதே நோக்கமாக இருந்தாலும், அதனை முதல் நாளிலேயே செய்யத் தேவையில்லை.

சைவக் குடும்பங்களுக்கு வரும் பூனையின் நிலை கூடுதல் கவனத்துக்குரியது. தயிர்ச்சோறும் பாலும் பூனையின் வயிற்றை நிரப்பலாம். ஆனால், 'டாரின்' என்ற சத்தைப் பூனையின் உடல் போதிய அளவில் தானே உருவாக்கிக்கொள்ள இயலாது. அது மீன், இறைச்சியிலிருந்தே கிடைக்கிறது. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதைவது 1975-இலும், இதயத் தசை பலவீனமடைவது 1987-இலும் ஆய்வுகளால் உறுதிசெய்யப்பட்டன. வீட்டில் அசைவம் சமைக்க இயலாதவர்கள், டாரின் சேர்க்கப்பட்ட பூனை உணவைப் பயன்படுத்தலாம். இனிப்புச் சுவையைப் பூனையால் உணர முடியாது என்பதால், பாலில் சர்க்கரை கலந்து ஆசை காட்டுவதிலும் பயனில்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

மீன் கொடுப்பதிலும் கவனம் தேவை. சில வகைப் பச்சை மீன்களில் உள்ள ஒரு நொதி, தையமின் எனப்படும் வைட்டமின் பி1-ஐ அழித்துவிடுகிறது. பச்சை மீனை மட்டுமே நாள்தோறும் தின்னும் பூனைக்கு அந்தச் சத்துக் குறைவு ஏற்பட்டால், முதலில் தோன்றும் அறிகுறியே பசியின்மைதான். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். எனவே, உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்து, முள் நீக்கிய மீனே ஏற்றது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால், மீன்குழம்புக்குப் பழகிய பூனைக்கு, குழம்பில் இடுவதற்கு முன் எடுத்து வேகவைத்த மீனைக் கொடுப்பதே பாதுகாப்பானது.

அச்சமா, நோயா?

அச்சத்தால் உண்ணாத பூனை ஒளிந்திருந்தாலும் விழிப்புடன் இருக்கும். காதைத் திருப்பும், இரவில் நடமாடும், மணல் தட்டைப் பயன்படுத்தும். நாளுக்கு நாள் சிறிதளவேனும் முன்னேற்றம் தெரியும். நோயுற்ற பூனை அழைத்தாலும் திரும்பாது. தன் உடலை நக்கிச் சுத்தம் செய்வதையும் நிறுத்திவிடும்.

மூக்கடைப்பும் கண்ணில் நீர்வடிதலும் இருந்தால், அது பூனைகளுக்கே உரிய சளிக்காய்ச்சலாக இருக்கலாம். மணம் தெரியாததாலும், வாய்ப்புண் வலியாலும் பூனை உண்ணாது. வாந்தி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவை சேர்ந்தால், 'பான்லுகோபீனியா' என்ற தொற்றுநோயைக் கருத வேண்டும். தடுப்பூசி போடப்படாத குட்டிகளுக்கு இது உயிர்க்கொல்லி. இந்த வைரஸ் ஒரே இடத்தில் ஓராண்டு வரைகூட உயிர்ப்புடன் இருக்கும் என்பதால், முன்பு குட்டிகள் இறந்த வீட்டுக்குத் தடுப்பூசி போடாத புதிய குட்டியைக் கொண்டுவருவது ஆபத்தானது.

ஆண் பூனை அடிக்கடி சிறுநீர் கழிக்க முயன்றும் சிறுநீர் வராவிட்டால், அது சிறுநீர்ப்பாதை அடைப்பு. இடமாற்றத்தின் மன அழுத்தமும் இதனைத் தூண்டக்கூடும். ஓரிரு நாட்களிலேயே உயிரிழப்பு நேரலாம் என்பதால் உடனடிச் சிகிச்சை தேவை. இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டங்களில் பூச்சிக்கொல்லிகள் மிகுதியாகத் தெளிக்கப்படுகின்றன. உமிழ்நீர் ஒழுகி, உடல் நடுங்கி, தசைகள் துடித்தால் அது நஞ்சாக இருக்கலாம். மலைத் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்படும் லில்லி மலர்ச்செடியின் எல்லாப் பகுதிகளும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்பவை.

செய்யக் கூடாதவை

உணவை ஊசிக்குழலால் வாயில் வலிந்து புகட்டினால், அது மூச்சுக்குழாய்க்குள் சென்று நுரையீரலைப் பாதிக்கலாம். அந்த உணவின் மீதே பூனைக்கு நிரந்தர வெறுப்பும் உண்டாகலாம். காய்ச்சலெனக் கருதி பாராசிட்டமால் கொடுப்பது பூனையைக் கொன்றுவிடும். ஒரு மாத்திரையே அதற்குப் போதுமானது. பசியைத் தூண்டும் மருந்துகள் பூனைகளுக்கும் உண்டு. அவற்றை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

வலிந்து ஊட்டும்போது பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெறிநோய் பூனை வழியாகவும் பரவும். இந்தியாவில் தோலுக்குள் செலுத்தப்படும் வெறிநோய்த் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடப்படுகிறது. தடுப்பூசி வரலாறு தெரியாத தெருப் பூனை உணவை மறுப்பதுடன் திடீரெனச் சீறித் தாக்கினால், அதனைத் தொடாமல் தகவல் தெரிவிப்பதே முறை.

எங்கே, எப்படிச் சொல்வது?

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளுக்கான இலவச அழைப்பு எண் 1962. பாலக்காடு பகுதியினருக்கு, திருச்சூர் மாவட்டம் மண்ணுத்தியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி நெடுஞ்சாலை வழியே எட்டக்கூடியது. தமிழ்நாட்டுப் பகுதியில், மறையூரிலிருந்து சின்னாறு வழியாக இறங்கும் சாலையில் உடுமலைப்பேட்டையிலும், போடிமெட்டு வழியாக இறங்கினால் தேனியிலும் 2020-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. புறப்படுவதற்கு முன் பணி நேரத்தைத் தொலைபேசியில் உறுதிசெய்துகொள்வது நல்லது.

எல்லையைக் கடந்து குடியேறிய தமிழர்கள் மருத்துவரிடம் பேசும்போது ஒரு சொல்லில் கவனமாக இருக்க வேண்டும். மலையாளத்தில் 'கழிக்குக' என்றால் உண்ணுதல். தமிழில் மலம், சிறுநீர் ஆகியவற்றோடு சேர்த்தே 'கழித்தல்' என்கிறோம். "பூச்ச ஒந்நும் கழிக்குந்நில்ல" என்றால், பூனை எதுவும் உண்ணவில்லை என்று பொருள். அதே சொல்லைத் தமிழ்ப் பொருளில் பயன்படுத்தினால், சிறுநீர் அடைப்பும் பசியின்மையும் ஒன்றுக்கொன்று மாறிப் புரிந்துகொள்ளப்படலாம். கடைசியாக உண்ட நேரம், நீர் அருந்தியது, சிறுநீரும் மலமும் வெளியேறியது, வாந்தி எத்தனை முறை, பழைய உணவு எது, தடுப்பூசி விவரம் ஆகிய ஆறையும் தாளில் எழுதிச் சென்றால் குழப்பத்துக்கு இடமிராது.

உணவை மறுக்கும் பூனையை "இந்த வீட்டுக்கு ஒத்துவரவில்லை" என்று சந்தையிலோ சாலையோரத்திலோ விட்டுவருவது தீர்வாகாது. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி, பட்டினியால் துன்புறும் வகையில் விலங்கைக் கைவிடுவதும், வளர்ப்பு விலங்குக்குப் போதிய உணவும் நீரும் அளிக்கத் தவறுவதும் குற்றமாகும். வளர்க்க இயலாத நிலை ஏற்பட்டால், பூனை பழகிய பழைய வீட்டாரிடமே திருப்பி ஒப்படைப்பது நல்லது. ஆயினும், பெரும்பாலான வீடுகளில் அதற்குத் தேவை எழாது. ஓர் அட்டைப்பெட்டி, பழகிய துணி, இளஞ்சூடான பழைய உணவு, தொந்தரவற்ற ஓர் இரவு ஆகியவை போதும். அவற்றுக்குப் பின்னரும் மறுநாள் தட்டு தொடப்படாமல் இருந்தால், மருத்துவரை அழைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.